ஓலையைச் சேர்த்த பிறகு தூதனுக்கு என்ன வேலை?

பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகமும் ரசிகர் கருத்தும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிட நன்றாக இருக்கிறது என்று விமர்சகர்களில் கணிசமானோர் எழுதினார்கள். பார்த்துவிட்டு வந்தவர்களில் பலரும் அதையேதான் சொன்னார்கள். ஆனாலும் முதல் பாகத்துக்குத் திரண்ட கூட்டம் இரண்டாம் பாகத்துக்கு வரவில்லை. 2022 செப்டம்பர் 30 அன்று வெளியான முதல் பாகம் உலக அளவில் ரூ.500 கோடியை ஒட்டி வசூலித்ததாகத் திரை வணிக வட்டாரம் கணக்குச் சொல்கிறது. 2023 ஏப்ரல் 28 அன்று வந்த இரண்டாம் பாகம் ரூ.350 கோடிக்குக் கொஞ்சம் குறைவாக நின்றுவிட்டது. தமிழ்ப்பட வசூலுக்குத் தணிக்கை செய்யப்பட்ட பொதுக் கணக்கு எதுவும் கிடையாது. ஆகவே இந்த எண்களைப் படியளவாக எடுத்துக்கொள்ளாமல் கண்ணளவாக எடுத்துக்கொள்வதே நல்லது. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி மட்டும் எந்தக் கணக்கிலும் மறையாது.

நல்ல படம், குறைந்த கூட்டம். இந்த முரணுக்கு எளிதில் கிடைக்கும் விடை, ‘நாவலை மாற்றிவிட்டார்கள், அதனால் வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள்’ என்பது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தேடுவதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பின்னணி

எழுத்தாளர் கல்கி தம் பெயரிலேயே நடத்திய கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வந்த தொடர்கதை இது. ஐந்து பாகம், மணியத்தின் ஓவியங்கள். வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, பீரோவில் பூட்டி வைத்த வீடுகள் தஞ்சை மாவட்டத்தில் மட்டுமல்ல, தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்த ஊர்களிலெல்லாம் இருந்தன. எம்.ஜி.ஆர். 1958இல் படமாக்குவதாக அறிவித்தார். நடக்கவில்லை. கமல்ஹாசனும் முயன்றார். இப்போதைய படத்தின் இயக்குநர் மணிரத்னமே முன்பு ஒன்றுக்கு மேற்பட்ட முறை எடுத்துப் பார்த்துக் கைவிட்டார். படமாகாமலே இருந்த காலத்தில் ஒவ்வொரு வாசகரும் மனத்துக்குள் நடிகர் தேர்வை முடித்து வைத்திருந்தார்கள். இவ்வளவு பேர் மனத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கதை தமிழில் வேறில்லை.

மணிரத்னம், இளங்கோ குமரவேல், ஜெயமோகன் மூவரும் சேர்ந்து திரைக்கதையை இரண்டு பாகத்துக்குள் அடக்கினார்கள். படப்பிடிப்பு 2019 டிசம்பரில் தொடங்கி, கொரோனா இடைவெளியைத் தாண்டி, 2021 செப்டம்பரில் முடிந்தது. இரண்டு பாகத்தையும் சேர்த்தே எடுத்தார்கள். ரசிகர் கருத்தை ஆராயும்போது பலரும் மறந்துவிடும் செய்தி இதுதான். முதல் பாகம் திரைக்கு வருவதற்கு ஓராண்டு முன்னரே இரண்டாம் பாகம் எடுத்து முடிந்துவிட்டது. ‘மக்கள் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை’ என்று குறைப்படுவதில் பொருளில்லை. கேட்டுத் திருத்துவதற்கு அங்கே எடுப்பதற்கு ஏதும் மிச்சமில்லை. கத்தரிக்கோல் வைக்க மட்டுமே இடமிருந்தது.

முதல் பாகம் எதில் ஓடியது

குதிரையில் ஓடியது. வந்தியத்தேவனின் குதிரையில்.

வாணர் குலத்து இளைஞன் ஒருவன், நாடு இல்லை, படை இல்லை, வாயும் வாளும் மட்டும் உண்டு. சோழப் பட்டத்து இளவரசன் கரிகாலன் அவனைத் தூதனாக அனுப்புகிறான். கடம்பூர் மாளிகையில் சதிக்கூட்டத்தை ஒளிந்திருந்து கேட்கிறான். பழுவூர் இளையராணி நந்தினியின் பல்லக்கில் மோதுகிறான். தஞ்சைக் கோட்டைக்குள் நுழைகிறான், தப்பிக்கிறான். பழையாறையில் கரிகாலனின் தங்கை குந்தவையைப் பார்த்து வாயடைத்துப் போகிறான். அவள் கொடுத்த செய்தியோடு கோடியக்கரைக்குப் போய், பூங்குழலியின் படகேறி இலங்கை சேர்ந்து, அவள் தம்பி அருண்மொழியிடமே வாள் சுழற்றிப் பார்க்கிறான். கடைசியில் எரியும் கப்பலும் புயலும்.

இப்படி வரிசையாகச் சொல்லும்போதே ஒன்று தெரிகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது. யாரோ அனுப்புகிறார்கள், அவன் போகிறான், போன இடத்தில் மாட்டிக்கொள்கிறான், தப்பி அடுத்த இடத்துக்கு ஓடுகிறான். சோழ வம்சாவளி தெரியாத ரசிகரும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டே எல்லோரையும் அறிமுகம் செய்துகொள்ள முடிந்தது. கல்கி செய்த தந்திரம் இது. ஸ்காட், டூமா போன்ற மேலை நாட்டுச் சாகச நாவலாசிரியர்களை ஊன்றிப் படித்தவர் அவர். பெரிய அரசியலைச் சின்ன மனிதனின் பயணத்தில் ஏற்றிச் சொல்வது அந்த மரபின் உத்தி. வீராணத்து ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று அவனைக் குதிரையில் வரவைத்தவர், ஐந்து பாகம் முடியும் வரை அவனை விடவே இல்லை.

கார்த்தி அந்தப் பாத்திரத்துக்குள் சட்டென்று போய் உட்கார்ந்துகொண்டார். முதல் பாகம் முடிந்து வெளியே வந்தவர்களிடம், வம்சம் குழப்பியது, பெயர்கள் குழப்பின என்ற குறைகளை நிறையக் கேட்க முடிந்தது. வந்தியத்தேவன் அலுத்துவிட்டான் என்று சொன்னவரை நான் பார்க்கவில்லை.

ஏழு மாத இடைவெளியும் இல்லாத ஒரு கேள்வியும்

தொடர்ச்சிப் படம் ஒன்று முந்தைய படத்தைவிடப் பெரிதாக ஓட வேண்டுமென்றால், ரசிகரின் மனத்தில் ஒரு கேள்வி முள்ளாகத் தைத்திருக்க வேண்டும். பாகுபலியின் முதல் பாகம் 2015இல் அப்படி ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. கட்டப்பா ஏன் கொன்றான் என்று குழந்தைகள்கூட இரண்டு ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017இல் விடை வந்தபோது வசூல் பல மடங்கானது.

பொன்னியின் செல்வன் முதல் பாகம் என்ன கேள்வியை விட்டது? அருண்மொழி கடலில் மூழ்கினான், பிழைத்தானா? தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டப்போகிறவன் கடலில் செத்திருப்பான் என்று எந்தத் தமிழர் பயப்படுவார்? அவனைக் காப்பாற்ற நீந்தி வரும் முதியவளுக்கு நந்தினியின் முகம் இருக்கிறதே, அது ஏன் என்பது இன்னும் நல்ல கேள்வி. ஆனால் நாவல் படித்தவருக்கு விடை தெரியும். படிக்காதவருக்கோ பக்கத்து இருக்கையில் இருந்தவர் இடைவேளையிலேயே சொல்லிவிட்டார். எழுபது ஆண்டுகளாக ஊரே படித்த கதையை எடுக்கும்போது இந்தச் சிக்கலிலிருந்து தப்ப முடியாது. இதற்காக இயக்குநரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

வெளியான காலமும் ஒன்றுபோல் இல்லை. முதல் பாகம் ஆயுதபூஜை, விஜயதசமி விடுமுறையை ஒட்டி வந்தது. திரையரங்குப் பக்கமே பல ஆண்டுகள் வராத தாத்தா பாட்டிகளைக் குடும்பத்தோடு அழைத்து வந்தார்கள். அது ஒரு படத்துக்குப் போவதுபோல் இல்லை, குலதெய்வம் கோயிலுக்குப் போவதுபோல் இருந்தது. கோடைச் சுட்டெரிப்பில், ஐ.பி.எல். நடுவில் வந்த இரண்டாம் பாகத்துக்கு அந்தப் பெரியவர்களை மறுபடி கிளப்புவது எளிதல்ல. இருந்தும் மே தினம் வரையிலான முதல் நான்கு நாளில் ரூ.200 கோடியைத் தாண்டிவிட்டதாகத் தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். அப்படியானால் மொத்த வசூலில் பாதிக்கு மேல் அந்த நான்கு நாளிலேயே வந்துவிட்டது. வர விரும்பியவர்கள் உடனே வந்துவிட்டார்கள். இரண்டாவது முறை வரவேண்டியவர்களும், ‘பார்த்தியா, எப்படி இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டு வரவேண்டியவர்களும்தான் குறைந்தார்கள். முதல் நான்கு நாள் கூட்டத்தைக் கொண்டுவந்தது முதல் பாகத்தின் நற்பெயர். இரண்டாம் பாகத்தைப் பற்றிய கருத்து ஐந்தாம் நாளிலிருந்து தெரிந்தது.

மணிமேகலை எங்கே?

கும்பகோணத்துத் திரையரங்கு ஒன்றில் படம் முடிந்து படியிறங்கும்போது எனக்கு முன்னால் ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் படி இறங்காமல் நின்றுவிட்டார். கல்லூரிப் பெண் ஒருத்தி, “என்ன பெரியப்பா, முட்டி வலிக்கிறதா?” என்று கேட்டாள். “முட்டி கிடக்கட்டும். மணிமேகலையை எங்கே காணோம்?” என்றார் அவர். அவளுக்குப் புரியவில்லை. “அது வேறு காப்பியம் இல்லையா பெரியப்பா?” என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் கருத்து வேறாக இருந்தது. கரிகாலனும் நந்தினியும் சந்திக்கும் காட்சி பிரமாதம், அதற்குப் பிறகுதான் ஏன் நீள்கிறது என்று தெரியவில்லை என்றாள்.

இந்த இரண்டு குறைகளையும் பலர் தனித்தனியாகப் பேசினார்கள். ஒன்று நாவல் வாசகரின் குறை, மற்றது வாசிக்காதவரின் குறை என்று பிரித்து வைத்தார்கள். என் வாதம், இரண்டும் ஒரே குறை என்பது.

மணிமேகலை யார்? கடம்பூர் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை, வந்தியத்தேவன் மேல் ஒருதலையாக உயிரை வைத்தவள். நாவலில் கரிகாலன் கொலையுண்ட இரவில் வந்தியத்தேவன் அதே மாளிகையின் யாழ்க் களஞ்சியத்தில் ஒளிந்திருக்கிறான். கொலைப்பழி அவன் மேல் விழுகிறது. அவனைக் காப்பாற்ற, கொன்றது நானே என்று மணிமேகலை சொல்கிறாள். யார்தான் கொன்றார்கள் என்பதைக் கல்கி கடைசி வரை அறுதியிட்டுச் சொல்லவில்லை. நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையரும் தன் கையால்தான் என்கிறார். வந்தியத்தேவன் தஞ்சையின் பாதாளச் சிறையில் அடைபடுகிறான். பைத்தியக்காரன் என்று எல்லோரும் நினைத்த கருத்திருமனோடு தப்பிக்கிறான். துரத்தல், காயம், மறைவு. நாவலின் கடைசியில் மணிமேகலை அவன் மடியில் உயிர் விடுகிறாள். அந்த இடத்தில் அழாதவர்கள் நாவலைச் சரியாகப் படிக்கவில்லை என்று என் அம்மா சொல்வார்.

ஆக, மணிமேகலையை எடுத்தபோது ஒரு பெண் பாத்திரம் மட்டும் போகவில்லை. வந்தியத்தேவனின் பின்பாதிச் சாகசம் முழுக்க அவளோடு போய்விட்டது. தூதன் ஓலையைச் சேர்த்துவிட்டான், இனி அவனுக்கு என்ன வேலை என்ற கேள்வி கல்கிக்கும் வந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அவன் தலையில் கொலைப்பழியைத் தூக்கி வைத்தார். முன்பாதியில் அடுத்தவர் வேலையாக ஓடியவன், பின்பாதியில் தன் தலையைக் காத்துக்கொள்ள ஓடுகிறான். ஐந்தாம் பாகத்தில்கூட வேகம் குறையாததற்குக் காரணம் அது.

படம் அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டு, கரிகாலன்–நந்தினி காதலைக் கதையின் முதுகெலும்பாக்கியது. அவர்களின் இளம்பருவத்தில்தான் இரண்டாம் பாகமே தொடங்குகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாவலில் பிறர் வாய்மொழியாக வரும் அந்தப் பழங்கதைக்குத் திரையில் சதையும் ரத்தமும் கிடைத்தது. கரிகாலனாக விக்ரமும் நந்தினியாக ஐஸ்வர்யா ராயும் கடம்பூரில் நேருக்கு நேர் நிற்கும் காட்சியைப் பாருங்கள். விளக்கொளியில் இரண்டு முகங்கள், ஒரு கத்தி, ஆண்டுக்கணக்கான கோபம். கரிகாலன் தன் சாவை எதிர்த்துப் போராட வரவில்லை, வாங்கிக்கொள்ளத்தான் வந்திருக்கிறான் என்பது விக்ரம் நிற்கும் விதத்திலேயே தெரிகிறது. இரண்டாம் பாகம்தான் சிறந்தது என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் இந்தக் காட்சியை மனத்தில் வைத்தே சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி.

ஆனால் அது துன்பியல் நாடகத்தின் உச்சம். அந்த உச்சத்துக்குப் பிறகும் படம் இருக்கிறது. கொலை யார் செய்தார் என்ற மர்மத்தைப் படம் அங்கேயே முடித்துவிட்டது. மிச்ச நேரத்தில் ரசிகரை இழுத்துச் செல்ல யாரும் இல்லை. அந்தக் கல்லூரிப் பெண் ‘ஏன் நீள்கிறது’ என்று கேட்டதும், அவள் பெரியப்பா ‘மணிமேகலை எங்கே’ என்று கேட்டதும் அதே வெற்றிடத்தைப் பார்த்துத்தான்.

கண் கட்டிய காட்சி

இதற்கு எதிர்ச்சான்றாக ஒரு காட்சியைச் சொல்லலாம். வந்தியத்தேவனும் குந்தவையும் தனியே சந்திக்கும் இடம். அவன் கண் கட்டப்பட்டிருக்கிறது, வாள் அவள் கையில். பேச்சு குறைவு. நாவலில் இப்படி ஒரு காட்சி இல்லை. ‘மாற்றிவிட்டார்கள்’ என்று கோபித்தவர்கள்கூட இந்த மாற்றத்துக்கு விசில் அடித்தார்கள். கார்த்தியும் த்ரிஷாவும் நிற்கும் அந்த நிமிடங்கள் படம் வந்த வாரத்தில் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன.

நாவலிலிருந்து விலகுவதே ரசிகருக்குப் பிடிக்கவில்லை என்றால் இந்தக் காட்சியும் பிடித்திருக்கக் கூடாது. பிடித்தது. ஏனென்றால் இங்கே அவன் மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிறான். கையில் ஆயுதம் இல்லை, எதிரே இளவரசி, உள்ளே நடுக்கம், வெளியே வாய்த்துடுக்கு. ரசிகர்கள் தேடியது இந்தப் பையனைத்தான். மூன்று மணி நேரத்துக்குக் கால் மணி நேரம் குறைந்த படத்தில் அவனைக் கொஞ்ச நேரம்தான் கொடுத்தார்கள்.

மற்ற குறைகள்

சேந்தன் அமுதன் பற்றியும் வாசகர்கள் முணுமுணுத்தார்கள். நாவலில் பூத்தொடுத்துச் சிவத்தொண்டு செய்யும் அவனே சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன், அவனுக்கே மகுடம். படம் இந்தக் குழந்தை மாற்றத்தை விட்டுவிட்டு, நாம் முதலிலிருந்து பார்த்த மதுராந்தகனுக்கே மகுடத்தைக் கொடுத்தது. வரலாற்று ஆர்வலர்கள் சிலர் இதை வரவேற்றார்கள். குழந்தை மாறிய கதைக்குச் சான்று இல்லை, மதுராந்தகன் உத்தம சோழனாக ஆண்டது மட்டுமே உறுதி என்பது அவர்கள் பக்கம். எனக்கும் இதில் பெரிய வருத்தம் இல்லை. திரையில் அந்த முடிச்சை அவிழ்க்க இன்னும் அரை மணி நேரம் வேண்டியிருக்கும்.

டெல்டா மாவட்டத்துக்காரர்களின் குறை வேறு. சோழநாட்டில் நெல்வயல் எங்கே, வாய்க்கால் எங்கே, கோட்டைச் சுவர் ஏன் வடநாட்டுச் சாயலில் இருக்கிறது என்றார்கள். மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவிலும் மகேஷ்வரிலும் எடுத்தால் ஓர்ச்சாவும் மகேஷ்வரும்தான் தெரியும். நியாயமான குறைதான். ஆனால் முதல் பாகத்துக்கும் இது பொருந்தும் என்பதால் கூட்டம் குறைந்ததற்கு இதைக் காரணம் சொல்ல முடியாது.

தமிழுக்கு வெளியே நிலைமை எளிது. ஐந்து மொழியில் வெளியிட்டும் முதல் பாகத்திலிருந்தே இந்தி பேசும் ஊர்களில் பெரிய பிடிப்பு ஏற்படவில்லை. அருண்மொழியே பொன்னியின் செல்வன், அவரே பின்னாளில் இராஜராஜன் என்பதை ஒருவர் விளக்கி முடிப்பதற்குள் அங்கே இடைவேளை வந்துவிடும்.

இறுதிப் போர்

கூட்டிக்கழித்துப் பார்த்தால் விவாதத்துக்குரிய முடிவு ஒன்று மிஞ்சுகிறது. தக்காணத்தை ஆண்ட இராஷ்டிரகூடரோடு நடக்கும் இறுதிப் போர். இது நாவலில் இல்லை. பெரிய செலவில் எடுக்கும் படம் பெரிய போரோடு முடிய வேண்டும் என்ற வணிகக் கட்டாயம் புரிகிறது. பாகுபலிக்குப் பிறகு எல்லாச் சரித்திரப் படத்துக்கும் இந்த வரி விழுந்துவிட்டது. ஆனால் அந்தப் போரில் யார் தோற்பார்கள் என்ற கவலை அரங்கில் யாருக்கும் வரவில்லை. எதிரி யார் என்று பழகுவதற்குள் போர் முடிந்துவிட்டது. நான் பார்த்த காட்சியில் கைப்பேசி வெளிச்சம் வரிசை வரிசையாக எரியத் தொடங்கிய இடமும் அதுதான்.

அந்தப் போருக்குக் கொடுத்த நேரத்தை வந்தியத்தேவனுக்குக் கொடுத்திருக்கலாம். கொலைக்களத்தில் பிடிபட்டவன், நண்பனைக் கொன்றவன் என்று நாடே தூற்றும் நிலை, பாதாளச் சிறை, தப்பித்தல். குதிரையும் கோட்டையும் ஏற்கெனவே கையில் இருந்தன. கார்த்தி தயாராக இருந்தார். அதற்குப் பேரரசுகள் மோத வேண்டிய செலவும் இல்லை. ஓர் இருட்டறையும் ஒரு தீப்பந்தமும் பூட்டிய கதவும் இருந்திருந்தால், கரிகாலன் செத்த பிறகும் அரங்கில் யாரும் கைப்பேசியை எடுத்திருக்க மாட்டார்கள்.